வேகமான பிசி, தாமதமான பதில்: எம்பெடட் பணிகளுக்கு பிராசஸரை அளப்பது எப்படி?

2021-இலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகைகள் சந்தையில் எளிதில் கிடைக்கவில்லை. இயந்திரங்களை இயக்கவும் உணரிகளைப் படிக்கவும் அந்தப் பலகையை நம்பியிருந்தவர்களில் பலர், உள்ளங்கை அகலமுள்ள மினி பிசிகளின் பக்கம் பார்வையைத் திருப்பினார்கள். 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 பிராசஸர் அந்த நாட்டத்துக்கு வசதியாக அமைந்தது. 4 கோர்கள், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம், 6 வாட் மின்வரம்பு என்று விவரத்தாளைப் படித்தால், 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு சாதாரண மைக்ரோகன்ட்ரோலரோடு (கருவிகளுக்குள் பொருத்தும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு) அதை ஒப்பிடுவதே அநியாயம் என்று தோன்றும். ஆனால் அந்த மைக்ரோகன்ட்ரோலர் பிசகின்றிச் சுழற்றும், துடிப்புக்கு ஒரு படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரை இந்த பிசியில் இணைத்தால், சில நேரம் மோட்டார் நடுவழியில் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. வேகத்தில் பல மடங்கு முன்னால் நிற்கும் பிராசஸர் இந்தச் சிறு வேலையில் ஏன் இடறுகிறது, வாங்குவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க எதை அளக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

தமிழில் இங்கே ஒரு சங்கடம் உண்டு. "செயலி" என்ற சொல்லைக் கைப்பேசியில் நிறுவும் ஆப்புக்கும் சொல்கிறோம், கணினிக்குள் இருக்கும் சில்லுக்கும் சொல்கிறோம். குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் சில்லை பிராசஸர் என்றும், அதில் ஓடுவதை நிரல் என்றும் குறிப்பிடுகிறேன்.

எம்பெடட் நிரல் என்பது ஒரு கருவிக்குள் உட்கார்ந்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. லிஃப்ட் கதவைத் திறப்பது, சாயப் பட்டறையில் கொதிகலனின் வெப்பத்தைக் காப்பது, கணினி சொல்லும் பாதையில் வெட்டும் சிஎன்சி இயந்திரத்தின் அச்சை நகர்த்துவது போன்றவை இவ்வகை. இவற்றில் பலவற்றுக்குக் கெடு உண்டு. விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, குறித்த நேரத்துக்குள் வந்தாக வேண்டும். கெடு தவறினால் படம் ஒரு கணம் உறைவதோடு முடிந்துவிடும் பணியை மென் நிகழ்நேரப் பணி என்றும், கெடு தவறினால் பொருளோ கருவியோ கெட்டுப்போகும் பணியை வன் நிகழ்நேரப் பணி என்றும் பிரிப்பார்கள்.

தாமதம் என்பது ஒரு நிகழ்வு நடந்ததற்கும் நிரல் அதற்குப் பதில் கொடுக்கத் தொடங்கியதற்கும் இடையிலான நேரம். அந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு மாறுகிறது என்பது ஜிட்டர். எப்போதும் 40 மைக்ரோ நொடி தாமதிக்கும் கணினியைச் சமாளித்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த 40-ஐ முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும். பெரும்பாலும் 3 மைக்ரோ நொடியில் பதில் தந்து, எப்போதாவது ஒரு முறை 400-க்குத் தாவும் கணினியைத்தான் சமாளிக்க முடியாது.

மதிப்பெண் பட்டியல்கள் எதை அளக்கின்றன?

எம்பெடட் உலகில் நெடுங்காலம் புழங்கிய அளவுகோல் டிரைஸ்டோன். 1984-இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய இந்தச் சிறு நிரல் நொடிக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி, வாக்ஸ் 11/780 கணினி எடுத்த 1,757 என்ற எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான், இன்றும் சில விவரத்தாள்களில் தென்படும் டிமிப்ஸ். இதன் நோய் எல்லோருக்கும் தெரிந்ததே. சரங்களை நகலெடுக்கும் வேலைக்கு இதில் அளவுக்கு மீறிய இடம் உண்டு. கெட்டிக்கார கம்பைலர் (நிரலை பிராசஸரின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) பாதி வேலையைச் செய்யாமலேயே தவிர்த்துவிடும். எனவே எண் ஏறினால், பிராசஸர் நன்றாக இருக்கிறதா, கம்பைலர் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

இக்குறையைத் தீர்க்க, 1997-இல் தொடங்கப்பட்ட ஈஈஎம்பிசி அமைப்பு 2009-இல் கோர்மார்க்கை வெளியிட்டது. பட்டியல்களைத் தேடி அடுக்குவது, அணிகளைப் பெருக்குவது, நிலைமாற்றப் பொறி ஒன்றை ஓட்டுவது, சிஆர்சி சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுவது ஆகியவை அதன் வேலைகள். விடையை ஓடும்போதுதான் கணிக்க முடியும் என்பதால் கம்பைலரின் ஏமாற்று அவ்வளவாகப் பலிக்காது. குறைந்தது 10 நொடி ஓட வேண்டும், கம்பைலரின் பதிப்பையும் அமைப்புகளையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்ற விதிகளும் உண்டு.

கோர்மார்க் நேர்மையான அளவுகோல் என்பதே என் கருத்து; தான் அளக்கிறேன் என்று சொல்வதை அது அளக்கிறது. ஆனால் அது சின்ன மைக்ரோகன்ட்ரோலரிலும் ஓட வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. அதனால் முழு நிரலும் தரவும் சேர்ந்து, பிசி பிராசஸரின் முதல் நிலை கேஷுக்குள்ளேயே (சில்லுக்குள் இருக்கும் சிறிய, வேகமான மெமரி) அடங்கிவிடும். வெளி மெமரியைத் தொடுவதில்லை, வெளி நிகழ்வு எதற்காகவும் காத்திருப்பதில்லை, இயங்குதளம் குறுக்கிட்டால் அந்த இடையூறு பத்து நொடிச் சராசரியில் கரைந்துபோகும். கோரின் கணக்குப்போடும் வலிமைக்கு அது சான்றிதழ். பதில் எப்போது வரும் என்பதற்கு அது சான்றிதழ் அல்ல. விலைப்புள்ளியில் கோர்மார்க் எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு, "கன்ட்ரோலருக்கு ஏற்றது" என்று எழுதுபவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

2001-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட மைபெஞ்ச் இதைவிட அகலமானது. வாகனம், நுகர்வோர் கருவி, அலுவலகம், வலைப்பின்னல், பாதுகாப்பு, தொலைத்தொடர்பு என்று ஆறு வகைகளில் 35 நிரல்கள் அதில் உள்ளன. எந்த வகைப் பணியில் எந்த பிராசஸர் திணறுகிறது என்று பார்க்க அது உதவும். கெடுவைப் பற்றி அதுவும் பேசுவதில்லை.

பிசி பிராசஸர் யாருக்காகச் செய்யப்பட்டது?

கார்டெக்ஸ்-எம்3 வகை மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு குறுக்கீடு (நிகழ்வு ஒன்றை உடனே கவனிக்கச் சொல்லும் சிக்னல்) வந்தால், மெமரி காக்கவைக்காத நிலையில், 12 கடிகாரத் துடிப்புகளில் அதற்கான நிரல் தொடங்கிவிடும். 72 மெகாஹெர்ட்ஸில் இது 0.17 மைக்ரோ நொடிக்கும் குறைவு. இந்த எண்ணை வடிவமைப்பாளர் ஆவணத்திலேயே எழுதிக் கொடுக்கிறார். பிசி பிராசஸருக்கு அப்படி ஓர் எண்ணை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மனிதன் முன்னால் உட்கார்ந்து பயன்படுத்தும் கணினிக்குச் சராசரி வேகமும் மின் சேமிப்புமே முக்கியம். எப்போதாவது ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி தாமதமானால் அவருக்குத் தெரியப் போவதில்லை. அந்த ஒரு அனுமானத்தின் மேல்தான் கீழ்க்காணும் எல்லா உத்திகளும் கட்டப்பட்டுள்ளன.

1. கேஷ். தேவையான தரவு முதல் நிலை கேஷில் இருந்தால் நான்கைந்து துடிப்புகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் மெமரிவரை போய்வர நூறு நானோ நொடி அளவில் ஆகலாம். இடைவெளி விட்டு விழித்தெழும் கட்டுப்பாட்டு நிரலுக்கு இது தனிப்பட்ட தொல்லை. அது தூங்கும் நேரத்தில் வேறு நிரல்கள் அதன் தரவை கேஷிலிருந்து வெளியேற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு விழிப்பும் குளிர்ந்த அடுப்பைப் பற்றவைப்பது போலத்தான்.

2. உறக்க நிலைகள். வேலையில்லாதபோது கோர் சி-நிலைகள் எனப்படும் படிப்படியான உறக்கத்துக்குப் போகிறது. மேலோட்டமான உறக்கத்திலிருந்து ஓரிரு மைக்ரோ நொடியில் எழுந்துவிடும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழ, சில பிராசஸர்களில் 100 மைக்ரோ நொடிக்கும் மேல் ஆகும். விசித்திரம் என்னவென்றால், கணினி சும்மா இருக்கும்போதுதான் இந்தத் தாமதம் அதிகம். வேலை சூடுபிடித்தால் கோர் தூங்கவே போகாது, தாமதமும் குறையும். "வெறும் கணினியில் சோதித்தோம், எனவே இதுவே சிறந்த நிலை" என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

3. மாறும் வேகம். கோர் தன் வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டிக்கொள்ளும் டர்போ ஏறுவதும், வெப்பம் மிகுந்தால் கடிகாரம் இறங்குவதும் ஒரே கணக்கீட்டுக்கு வெவ்வேறு நேரங்களைத் தரும். குளிரூட்டிய அறையில் மேசை மேல் அளந்த எண், மின்விசிறியில்லாத பெட்டியை மே மாத வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் செல்லுபடியாகாது.

4. பங்காளிகள். ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் இரண்டு நிரலோட்டங்கள் ஒரே கோரின் உறுப்புகளைப் பகிர்கின்றன. கடைசி நிலை கேஷையும் மெமரிப் பாதையையும் எல்லாக் கோர்களும் பகிர்கின்றன. பல மாடல்களில் உள்ளமைந்த கிராபிக்ஸும் அதில் பங்கு கேட்கிறது. திரையில் ஒரு சாளரத்தை இழுத்தாலே கட்டுப்பாட்டு நிரலின் ஜிட்டர் மாறுவதன் ரகசியம் இதுதான்.

5. எஸ்எம்ஐ (சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட்). நான்கையும்விட முரட்டுத்தனமானது இது. 1990-இன் 386எஸ்எல் பிராசஸரிலிருந்து இன்டெல் குடும்பத்தில் ஒரு மறைமுக நிலை உண்டு. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் ஃபர்ம்வேர் நினைத்தால், இயங்குதளத்துக்குச் சொல்லாமலேயே பிராசஸரைப் பிடுங்கிக்கொண்டு, வெப்பத்தைக் கவனிப்பது, பழைய கீபோர்டு போல யுஎஸ்பி கீபோர்டை நடிக்கவைப்பது போன்ற தன் வேலைகளைச் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். இயங்குதளத்தின் பார்வையில் அந்த நேரம் காணாமல் போன நேரம். நிகழ்நேர லினக்ஸாலும் பொதுவாக இதைத் தடுக்க முடியாது. ஒரே பிராசஸரைக் கொண்ட இரண்டு மதர்போர்டுகளில் ஒன்று தேறி மற்றொன்று தோற்பதற்கு இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று.

இவை போக இயங்குதளமும் உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எங்கும் இடைமறிக்கத் தக்கதாக மாற்றும் பிரீஎம்ப்ட்-ஆர்டி முயற்சி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனி ஒட்டாக வளர்ந்து, 2024-இல் 6.12 பதிப்பில் மூலக் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. மென்பொருள் பக்கத்துப் பழி அதனால் பெருமளவு தீர்ந்தது. மேலே சொன்ன ஐந்தில் பெரும்பகுதி வன்பொருளோடு இருக்கிறது.

ஒரு துடிப்பு தவறினால் நடப்பது

இதெல்லாம் மைக்ரோ நொடிக் கணக்குதானே என்று தோன்றலாம். சிஎன்சி இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளைக் கொண்டு, பிசியின் பேரலல் போர்ட் (பழைய பிரின்டர் இணைப்பு) வழியாக நேரடியாக ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டாரை இயக்கும் டிரைவர் பலகை ஒவ்வொரு படியையும் 8 நுண்படியாகப் பிரிக்கிறது. ஆக ஒரு சுற்றுக்கு 1,600. திருகுத் தண்டு ஒரு சுற்றில் மேசையை 5 மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள் தேவை. மேசை நொடிக்கு 50 மில்லிமீட்டர் ஓட வேண்டும் என்றால், நொடிக்கு 16,000 துடிப்புகள். அதாவது 62.5 மைக்ரோ நொடிக்கு ஒன்று.

இப்போது ஓர் எஸ்எம்ஐ வந்து பிராசஸரை 150 மைக்ரோ நொடி பிடித்துவைக்கிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் 62.5-இலிருந்து 200-க்கு மேல் போகிறது. மோட்டாரைப் பொறுத்தவரை, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழச் சொல்லி, மறுகணமே பழைய வேகத்துக்குத் தாவச் சொன்னது போன்றது. மேசையின் எடையையும் இழுத்துக்கொண்டு ரோட்டாரால் அப்படித் தாவ முடியாது. காந்தப் பிடி நழுவுகிறது. நழுவல் நான்கு முழுப் படிகளின் மடங்காகத்தான் நிகழும்; நம் கணக்கில் அது 32 நுண்படி, அதாவது 0.1 மில்லிமீட்டர். மோட்டாரிலிருந்து திரும்பிச் செய்தி வரும் வழி இல்லாததால், கணினி தன் கணக்குப்படி மேசை சரியான இடத்தில் இருக்கிறது என்றே நம்பும். அடுத்து வெட்டும் ஒவ்வொரு கோடும் 0.1 மில்லிமீட்டர் தள்ளியே விழும்.

லினக்ஸ்சிஎன்சி ஆவணம் இதற்கு எளிய வரம்புகளைத் தருகிறது. இவ்வாறு மென்பொருளே துடிப்புகளை உண்டாக்கும் அமைப்பில், அதிகபட்ச ஜிட்டர் 15–20 மைக்ரோ நொடிக்குள் இருந்தால் கணினி மிக நன்று. 30–50 என்றாலும் ஓட்டலாம். 100-க்கு மேல் என்றால் இந்த வேலைக்கு உதவாது. இங்கே கிகாஹெர்ட்ஸ் பற்றியோ கோர்களின் எண்ணிக்கை பற்றியோ ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அளக்கும் வரிசை

1. கெடுவை முதலில் எழுதிவைக்க வேண்டும். அளந்த பிறகு எழுதினால், கிடைத்த எண்ணுக்கு ஏற்ப கெடு தளர்ந்துவிடும்.

2. இறுதியில் நிறுவப்போகும் அதே மதர்போர்டு, அதே பயாஸ் பதிப்பு, அதே கெர்னல், அதே பெட்டியில் அளக்க வேண்டும். பிராசஸரின் பெயர் ஒன்றாக இருப்பது போதாது.

3. முதலில் எஸ்எம்ஐ தொல்லையைத் தனியே பார்க்க வேண்டும். லினக்ஸில் இதற்கென்றே ஹெச்டபிள்யூலாட்-டிடெக்ட் என்ற கருவி உண்டு. குறுக்கீடுகளை நிறுத்திவிட்டு கடிகாரத்தை இடைவிடாமல் படித்துக்கொண்டே இருக்கும். இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே விளக்க முடியாத இடைவெளி தென்பட்டால், நேரத்தைக் களவாடியது வன்பொருள் அல்லது ஃபர்ம்வேர் என்று பொருள். இந்த இடைவெளியே கெடுவைத் தாண்டினால் மேற்கொண்டு நேரம் செலவிடாமல் பலகையை மாற்றுவதே மேல்.

4. அடுத்து சைக்ளிக்டெஸ்ட். குறித்த நேரம் தூங்கி எழுந்து, எழ வேண்டிய நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது குறிக்கும். முடிவில் குறைந்தது 2, சராசரி 5, அதிகபட்சம் 412 என்று ஒரு வரி வந்தால், முதல் இரண்டு எண்களையும் மறந்துவிடலாம். அந்த 412 எத்தனை முறை வந்தது, எந்த நேரத்தில் வந்தது என்பதற்குப் பரவல் வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

5. சுமை ஏற்றி அளக்க வேண்டும். பெரிய கோப்புகளை நகலெடுப்பது, நெட்வொர்க்கை நிரப்புவது, திரையில் முப்பரிமாணக் காட்சி ஓட்டுவது, மெமரியைக் கலக்கும் நிரல்களை மற்றக் கோர்களில் விடுவது எல்லாம் ஒரே நேரத்தில். சுமையே இல்லாமல் ஒரு சுற்றும் தேவை. உறக்க நிலைத் தாமதம் அப்போதுதான் வெளிப்படும்.

6. நீண்ட நேரம் ஓட்ட வேண்டும். ஒரு மில்லி நொடிச் சுழற்சியில் ஓடும் இயந்திரம் 8 மணி நேர ஷிஃப்டில் 2 கோடியே 88 லட்சம் முறை விழிக்கிறது. 99.999 விழுக்காடு கெடுவுக்குள் வந்தது என்று பெருமையாகச் சொன்னாலும், அந்த ஷிஃப்டில் 288 முறை தவறியது என்றுதான் அர்த்தம். ஐந்து நிமிடச் சோதனையில் கிடைப்பது மூன்று லட்சம் விழிப்புகள் மட்டுமே.

7. அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி மீண்டும் அளக்க வேண்டும். ஆழ்ந்த சி-நிலைகளைத் தடுப்பது, டர்போவையும் ஹைப்பர்த்ரெடிங்கையும் அணைப்பது, ஒரு கோரை மற்ற வேலைகளிலிருந்து ஒதுக்கிவைப்பது என்று போகலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால், எது உதவியது என்று தெரியாமலேயே மின்கட்டணம் மட்டும் ஏறும்.

8. கடைசியாக, கணினிக்கு வெளியே நின்று அளக்க வேண்டும். உள்ளீட்டு முனையில் ஒரு சிக்னலைக் கொடுத்து, வெளியீட்டு முனையில் பதில் எப்போது வருகிறது என்று ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பதே முழு உண்மை. சைக்ளிக்டெஸ்ட் அழகான எண்ணைக் காட்டியும் இயந்திரம் தடுமாறினால், குற்றவாளி பெரும்பாலும் நடுவில் இருக்கும் இணைப்புதான். எஃப்டிடிஐ வகை யுஎஸ்பி-சீரியல் சில்லுகள் சிறு தரவுத் துணுக்கை உடனே அனுப்பாமல், மேலும் வருமா என்று இயல்பாக 16 மில்லி நொடி காத்திருக்கும். இந்தக் காத்திருப்பு நேரத்தை மாற்றும் வசதி உண்டு. மாற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தால்.

எதிர்த் திசையில் ஒரு கேள்வி

பிசியில் எழுதிச் சோதித்த நிரல் பிறகு சிறு சில்லில் எப்படி ஓடும் என்று ஊகிப்பவர்களும் இதே குழப்பத்தில் விழுகிறார்கள். பிசியில் எடுத்த நேரத்தைக் கடிகார விகிதத்தால் பெருக்கினால் விடை வராது.

சி மொழியில் 0.1 என்று எழுதினால் அது இரட்டைத் துல்லிய எண். பின்னால் எஃப் என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் ஒற்றைத் துல்லிய எண். பிசி பிராசஸரில் இரண்டுக்கும் வேக வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கார்டெக்ஸ்-எம்4 சில்லின் தசமக் கணக்கு உறுப்போ ஒற்றைத் துல்லியத்தை மட்டுமே அறியும். அந்த ஓர் எழுத்து விடுபட்டால், ஒரு பெருக்கலுக்கு ஒரு முழு மென்பொருள் துணைநிரலே ஓட வேண்டியிருக்கும். வடிகட்டி நிரல் ஒன்று பிசியில் நொடியில் பறந்துவிட்டு, சில்லில் கெடுவைத் தவறவிடுவதற்கு இந்த ஓர் எழுத்து போதும்.

விடையே மாறுவதும் உண்டு. மைனஸ் மதிப்பு உண்டா இல்லையா என்று சொல்லாமல் விட்ட கேரக்டர் வகை எண்ணை லினக்ஸ் பிசி மைனஸ் உள்ளதாகக் கொள்ளும்; ஆர்ம் லினக்ஸில் வழக்கம் அதற்கு நேர்மாறு. மெமரியில் எழுதும் வரிசையை எக்ஸ்86 பிராசஸர்கள் பெருமளவு காப்பாற்றித் தரும், ஆர்ம் அப்படி உறுதி தராது. அதனால் இரண்டு நிரலோட்டங்கள் தரவைப் பகிரும் இடத்தில், பிசியில் ஒருபோதும் தலைகாட்டாத பிழை பல கோர் ஆர்ம் சில்லில் தலைகாட்டலாம். ஆகவே பிசிச் சோதனை தர்க்கம் சரியா என்று காட்டும். நேரத்துக்குச் சான்று இலக்குப் பலகையில் மட்டுமே கிடைக்கும்.

எண் கெடுவைத் தாண்டினால்

அளந்து பார்த்து அதிகபட்சம் 120 மைக்ரோ நொடி என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் விலை உயர்ந்த பிராசஸரை வாங்குவது முதலில் தோன்றும் வழி; பெரும்பாலும் அதுவே மிகக் குறைந்த பலன் தரும் வழி. புதிய பிராசஸரில் உறக்க நிலைகள் இன்னும் ஆழமாக, டர்போ இன்னும் துள்ளலாக இருக்கக்கூடும்.

லினக்ஸ்சிஎன்சி பயனர்கள் வேறு வழியில் போனார்கள். துடிப்பு உண்டாக்கும் வேலையை மட்டும் பிராசஸரிடமிருந்து எடுத்து, எஃப்பிஜிஏ சில்லுள்ள (உள் சுற்றமைப்பையே தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு) மேசா அட்டைக்குக் கொடுத்துவிட்டார்கள். பாதையைத் திட்டமிடுவது, திரையைக் காட்டுவது, கோப்பைப் படிப்பது போன்றவை பிசியிடமே இருக்கின்றன. 25 மைக்ரோ நொடிக்கு ஒரு முறை விழிக்க வேண்டியிருந்த பிராசஸர், இப்போது ஒரு மில்லி நொடிக்கு ஒரு முறை எழுந்து, அடுத்த வேகம் என்ன என்று அட்டையிடம் சொன்னால் போதும். துடிப்புகளின் இடைவெளியை அட்டையின் சொந்தக் கடிகாரம் காத்துக்கொள்கிறது. பேரலல் போர்ட்டில் தோற்ற அதே கணினியின் அதே 120 மைக்ரோ நொடித் தாமதம், இந்த அமைப்பில் சுழற்சி நேரத்தின் எட்டில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை.